இருபதாவது ஆள்

ஆள் குறைகிறது என்றுதான் தம்பி அவளைத் தேடி வந்தான். அக்காவைப் பார்த்து நாளாயிற்றே என்று வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. சும்மா வந்தால் செருப்பை உதறிவிட்டு உள்ளே வருவான். காரியமாக வந்தால் சுவரோரமாக ஜோடி சேர்த்து விடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவன் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வைண்டிங் வாத்தியார். புகைந்து கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைக் காயிலாக, அதாவது சுருளாக, சுற்றிக் கட்டக் கற்றுக்கொடுக்கிற பிரிவு.

"பத்தொம்பது பேர்தான் சேர்ந்திருக்காங்க. இருபது இல்லன்னா இந்த வருஷத்தோட செக்‌ஷனை இழுத்து மூடிடுவாங்க" என்றான். "தெருத்தெருவா நோட்டீஸ் குடுத்தாச்சு. வீடு வீடா ஏறி இறங்கியாச்சு. எங்க போனாலும் கம்ப்யூட்டர் இருக்கான்னு கேக்கறாங்க. மோட்டார்னா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க."

"மூடினா உனக்கு என்னடா ஆகும்?"

"தூக்கி எங்கயாவது போடுவாங்க. போடற இடம் எதுன்னு இப்பவே பேசிக்கறாங்க. ரயில்ல ஒரு ராத்திரி, ஒரு பகல். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை நான் இங்க வந்தாலே பெருசு."

வருஷத்துக்கு ஒரு தடவை. அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரே ஊரில், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறவன் போன முறை வந்தது எப்போது என்று அவளுக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தான். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. எட்டாவது தேறியிருந்தால் போதும், அவள் பத்து வரைக்கும் போனவள். "பேரை மட்டும் குடு அக்கா. மேலிடத்துலேர்ந்து தலை எண்ண வர்ற அன்னைக்கு வந்து உக்காந்தா போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"பேரை உங்கிட்ட குடுத்துட்டு உடம்பை நான் எங்கடா வச்சுக்கறது?"

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் ஒரு ஆண்குரல் சிரித்து இரண்டு வருஷமாகியிருந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது சமையலறைப் பாத்திரங்களுக்கு நடுவே எங்கோ தங்கியிருப்பதுபோல் இருந்தது. அவள் சரி என்றாள்.

அவள் கணவர் இருந்தவரை வீட்டில் கூப்பிடுகிற சத்தம் ஓயாது. கண்ணாடியைக் காணோம், தண்ணீர் வேண்டும், இங்கே வந்து இதைப் பார் என்று எந்த அறையிலிருந்தாவது குரல் வந்துகொண்டே இருக்கும். கூப்பிட்ட பிறகு எதற்குக் கூப்பிட்டேன் என்று அவரே மறந்துபோய் நிற்பதும் உண்டு. ஒரு வேலையை முழுசாக முடிக்க விட்டதில்லை மனுஷன். பிள்ளை இல்லாத வீட்டில் தானே பிள்ளையாகவும் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இப்போது அவள் எந்த வேலையையும் ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிக்கலாம். முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

தலை எண்ண வந்த நாளில் அவள் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

"தினம் தினம் எதுக்கு வர்றே?" என்று தம்பி நடைபாதையில் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"பேரு இங்க இருக்கு. ஆளு மட்டும் வீட்ல உக்காந்து என்ன பண்றது?"

"வா, வேணாங்கல. ஆனா இங்க நான் சார். தெரியுதா?"

"தெரியுது சார்."

தெரிந்திருந்தும் முதல் வாரத்திலேயே சறுக்கினாள். பட்டறையில் மர அச்சில் கம்பியைச் சுற்றுகிற கைமெஷின் ஒன்று இருந்தது. எத்தனை சுற்று ஆயிற்று என்று காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் கைப்பிடியைச் சுற்றுகிறவர் வாயால் எண்ண வேண்டும். தம்பி எல்லோருக்கும் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். நூறைத் தாண்டி எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக் காலரில் ஒரு எறும்பு ஊர்வதைப் பார்த்துவிட்டு, "டேய் தம்பி, கழுத்துல பாரு" என்றாள்.

கைப்பிடி நின்றது. சுற்றியிருந்த பிள்ளைகள் ஒரே குரலில், "போச்சு!" என்றார்கள். எண்ணிக்கை தவறினால் தவறியதுதான். ஒரு காயிலில் கூட, இன்னொன்றில் குறைய என்று ஆனால் மோட்டார் சூடாகிச் சீக்கிரமே எரிந்துபோகும். தம்பி அத்தனையையும் பிரித்தான். பிறகு கரும்பலகை பக்கம் திரும்பி, பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னான்: "இந்த ரூம்ல ஒரே சட்டம்தான். எண்ணிட்டிருக்கறவங்களை யாரும் கூப்பிடக்கூடாது. தீயே பிடிச்சாலும் எதிர்ல வந்து நில்லுங்க. வாயைத் திறக்காதீங்க."

அவள் காது மடல் சுட்டது. ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அந்தச் சட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீட்டிலும் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பட்டறையில் அவள் கைப்பிடியைப் பிடித்துவிட்டால் அங்கேயும் யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று பார்த்தால், ஒன்றில்லை. இங்கே பேசிக்கொண்டு வருகிறவன் அவள் உதடு அசைவதைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் விழுங்குகிறான். கதவைத் தள்ளுகிறவன் மெதுவாகத் தள்ளுகிறான். திருப்புளி கேட்க வந்தவன் எதிரில் நின்று காத்திருக்கிறான். இந்த மௌனத்தை அவளுக்காக யாரோ கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டு மௌனம் யாரும் பிடிக்காமல் தரையில் கிடக்கிறது.

பிள்ளைகள் அவளுக்கு இருபது அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்தவன் மைக். ரகசியம் சொன்னாலும் நாலு அறைக்குக் கேட்கும் தொண்டை என்பதால் அவனுக்கு அந்தப் பேர். "நாங்க பத்தொம்பது பேரும் பூஜ்யம் அக்கா. நீங்க வந்துதான் எங்களை இருபதாக்கினீங்க" என்பான். "பூஜ்யம்னு உனக்கே தெரிஞ்சிருக்கே, பொழைச்சுப்பே போ" என்பாள் அவள். பட்டறை சிரிக்கும். தம்பி சிரிக்க மாட்டான். வாத்தியார் முகத்தை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். தினமும் அவனைப் பார்க்கலாம் என்றுதான் அவள் வந்தாள். தினமும் பார்த்தாள். பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கை வேலை அவளுக்குச் சுமாராக வந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. காயிலை மோட்டார் பள்ளத்தில் இறக்கும்போது காப்புத் தாளைக் கிழித்துவிடுவாள். கட்டு நூல் தளர்ந்துவிடும். ஆனாலும் அவள் கட்டிய மோட்டார் ஓடியது. படிப்புதான் உதைத்தது, அதிலும் கணக்குத் தாள். கம்பியின் கனம், சுற்றின் எண்ணிக்கை, மின்னோட்டம் எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு விடை காணச் சொன்னால், சூத்திரத்தை முழுசாக எழுதிவிட்டு அதற்குக் கீழே பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். மாதத் தேர்வுகளில் ஒன்றில்கூட அவள் கணக்கில் தேறவில்லை.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்தது. இனிமேல் ஆள் இருந்தால் மட்டும் போதாது. பரீட்சை எழுதுகிறவர்களில் பாதிக்கு மேல் தேற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிரிவில் அடுத்த வருஷம் சேர்க்கை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். பை நிறைய ஆரஞ்சு. செருப்பை ஜோடி சேர்த்து விட்டிருந்தான்.

அவள் அதைப் பார்க்காததுபோல் டீ போட்டாள். உடம்பு எப்படி, குழாயில் தண்ணீர் வருகிறதா, முழங்கால் வலி தேவலையா என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் நீட்டி நீட்டிப் பதில் சொன்னாள். கேள்வி தீர்ந்தால் விஷயம் வந்துவிடும்.

வந்தது. "அக்கா, நான் சொன்னா தப்பா எடுத்துக்காதே. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பரீட்சை எழுதறவங்க பேரு போகணும். வீட்டு நிலைமையால நின்னுக்கறேன்னு நீ ஒரு கையெழுத்து போட்டா உன் பேரு கணக்குல வராது. எழுதி ஃபெயிலானா கணக்குல வரும்."

"ஃபெயிலாயிடுவேனா?"

அவன் டீ டம்ளரைப் பார்த்தான். "உனக்கே தெரியும்."

"சரிடா" என்றாள்.

அவன் முகத்தில் இறுக்கம் விட்டது. மீதி டீயை வைத்துவிட்டு எழுந்தான். "பெரிய உபகாரம் அக்கா" என்றான். அவன் போன பிறகு ஒரு ஆரஞ்சை உரித்தாள். சுளைகளைத் தட்டில் வட்டமாக வைத்தாள். தின்னத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவள் பட்டறையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசி நாள்தானே, கையிலிருப்பதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தாள். கம்பி இழுத்த இழுப்புக்கு வந்தது. அச்சின்மேல் வரி வரியாக, சீவிய தலைமுடிபோல் படிந்தது. உதடு தானாக எண்ணிக்கொண்டிருந்தது. பாதி தாண்டியிருக்கும்.

"அக்கா."

வாசலில் தம்பி நின்றான். கையில் தாள். ஆபீசில் அவசரப்படுத்தியிருப்பார்கள், ஓடி வந்த மூச்சு வாங்கியது.

இந்த அறையில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. ஒரு தடவை, வாய் தவறியாவது கூப்பிட மாட்டானா என்று எத்தனையோ நாள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். கூப்பிட்டுவிட்டான். அவள் கை நிற்கவில்லை. அடுத்த எண்ணைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்..."

அவள் இன்னும் உரக்க எண்ணினாள்.

பட்டறை முழுதும் நிமிர்ந்து பார்த்தது. மைக் எழுந்து நின்றான். அவன் வாழ்நாளிலேயே முதல் முறையாக மெதுவான குரலில் சொன்னான்: "சார், அக்கா எண்ணிட்டிருக்காங்க சார்."

தம்பி வாயை மூடிக்கொண்டான். சட்டம் போட்டவன் அவன்தான். எதிரில் வந்து, தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். அவள் மீதிச் சுற்று அத்தனையையும் சுற்றினாள். அவசரப்படவில்லை. முடித்து, கம்பியை வெட்டி, நுனியைக் கட்டிவிட்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.

நடைபாதைக்குப் போனார்கள்.

"நேத்து சரின்னியே."

"நேத்து நீ வீட்டுக்கு வந்திருந்தே. வந்தவனை எப்படிடா இல்லேன்னு அனுப்பறது?"

"விளையாடாதே அக்கா. நீ ஃபெயிலானா செக்‌ஷன் போகும். செக்‌ஷன் போனா நான் போயிடுவேன்."

"போனா போன்ல பேசு. இப்பவும் போன்தானே? அதுவும் நான்தானே பண்றேன்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவள் அப்படிச் சொல்ல நினைத்திருக்கவில்லை. பத்து மாதமாக நாக்கின் அடியில் கிடந்தது, தானாக வந்துவிட்டது.

"இந்த சர்டிபிகேட்டை வச்சு என்ன பண்ணப் போறே? கடை வைக்கப் போறியா?"

"தெரியலடா."

பொய் இல்லை. மனசைத் துழாவிப் பார்த்தாள். கடையும் இல்லை, சம்பாத்தியமும் இல்லை. துழாவிய கைக்கு அகப்பட்டது ஒன்றுதான். அவளை ஆள் கணக்குக்காகத்தான் எல்லோரும் எப்போதும் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகிற கூட்டத்துக்கு ஒரு ஆள். ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்க ஒரு ஆள். சாவு வீட்டில் உட்கார ஒரு ஆள். அவளும் போய் உட்கார்ந்துவிட்டு, வேலை முடிந்ததும் எழுந்து வந்திருக்கிறாள். இந்தத் தடவை எழுந்துகொள்ள மனசு வரவில்லை. அவ்வளவுதான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

"கையெழுத்து போட மாட்டேன் சார்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு தம்பி அவளிடம் பாடம் தவிர வேறு பேசவில்லை. ஆனால் சாயங்காலங்களில் கணக்கில் மோசமானவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். அவளும் உட்கார்ந்தாள். ஒரே கணக்கை மூன்று விதமாகப் போட்டுக் காட்டுவான். "புரியுதா?" என்று கரும்பலகையைப் பார்த்துக் கேட்பான். அவளைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். "புரியுது சார்" என்பாள். பாதி புரிந்திருக்கும்.

செய்முறைப் பரீட்சையில் அவள் மோட்டார் முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காயிலின் இரண்டு முனைகளை மாற்றிக் கொடுத்திருந்தாள். வெளியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரம் இருக்கும்மா, பாருங்க" என்றார். பிரித்து மாற்றினாள். சரியான பக்கம் ஓடியது. கணக்குத் தாளன்று மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல் எழுதினாள். சூத்திரத்துக்குக் கீழே இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. சரியாக ஓடியதா என்பது வேறு விஷயம். மேஜை மூலையில் அவள் பரீட்சை எண்ணை ஒட்டியிருந்தார்கள். ஓரம் பிய்ந்திருந்தது. எழுதி முடித்ததும் அதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தாள்.

பரீட்சை முடிந்து வகுப்பு இல்லாத நாட்களிலும் அவள் வந்தாள். பயிற்சி நிலையத்தில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரே எரிந்துபோயிருந்தது. "நம்ம வீட்டு மோட்டாருக்கு வெளிய ஆள் தேடினா ஊரே சிரிக்கும்" என்று அதை மைக்கிடமும் அவளிடமும் கட்டக் கொடுத்திருந்தார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் மைக்கின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தவன் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "பாஸ்! அக்கா, நான் பாஸ்! பூஜ்யம் பாஸ் அக்கா!" அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு போனில் வேறு ஏதோ கேட்டான். குரல் இறங்கியது.

"சொல்லுடா" என்றாள்.

"செய்முறைல நல்ல மார்க் அக்கா. எல்லாத்துலயும் பாஸ். கணக்குல மட்டும்... கொஞ்சம்தான் அக்கா. மறுபடி எழுதிக்கலாம்."

"மொத்தம் எத்தனை பேருடா தேறினாங்க?"

"பத்து."

இருபதில் பத்து. பாதி. பாதிக்கு மேல் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் பத்தொன்பதில் பத்து, பிரிவு பிழைத்திருக்கும். அவள் தேறியிருந்தால் இருபதில் பதினொன்று, அப்போதும் பிழைத்திருக்கும். கணக்கில் தோற்றவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் பேனா இல்லாமலே விளங்கிவிட்டது.

"என்னோட சேர்த்து பத்து பேருக்குப் போச்சு அக்கா. நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல" என்றான் மைக். அவனுக்கும் அந்தக் கணக்கு விளங்கியிருக்க வேண்டும். சொன்ன பிறகு, தான் தேறியவன் என்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீ வீட்டுக்கு ஓடு. அம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லு. போன்ல சொன்னா காது போயிடும்."

அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். பட்டறை காலியாயிற்று. அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தாள். வந்தால் உட்கார வைத்துப் பேசலாம் என்றுகூட இருந்தது. அது வரவில்லை. வீடுதான் மனசில் வந்தது. கதவைத் திறந்ததும் அப்படியே கிடக்கும் அந்த வீடு, பார்த்துக்கொண்டிருந்த சுவர், சாயங்காலம் ஆறு மணிக்கு அதன்மேல் விழுகிற வெளிச்சம். அவள் கடைசிக் காயிலுக்கான கம்பியை அச்சில் மாட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். ஒன்று என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து நடைபாதையில் காலடி கேட்டது. ஆபீஸ் பக்கத்திலிருந்து வந்தது. அது யார் காலடி என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். வாசலில் நின்றது. பிறகு மெதுவாக உள்ளே வந்து, அவளுக்கு எதிரில் நின்றது.

நிமிராமலே அவன் செருப்பைப் பார்த்தாள். பட்டறைக்குள் செருப்போடு வரலாம், அதனால் எதற்கு வந்திருக்கிறான் என்று செருப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை. திட்ட வந்திருக்கலாம். எந்த ஊர் என்று சொல்ல வந்திருக்கலாம். ஒன்றும் சொல்ல இல்லாமலும் வந்திருக்கலாம்.

அவன் வாயைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவள் விரலுக்கடியில் கம்பி வரி வரியாகப் படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் கம்பி பிசிறியபோது, வாத்தியார் பழக்கத்தில் கை நீட்டி நேராக்கிவிட்டான். அவன் விரல் அவள் விரல்மேல் பட்டு விலகியது. எண்ணிக்கை தவறவில்லை.

வேண்டிய சுற்று முடிந்துவிட்டது. அவள் வாய் அந்த எண்ணைச் சொல்லிவிட்டது. நிறுத்தி, கம்பியை வெட்டி, நுனியைக் கட்டிவிட்டு, சொல்லுங்க சார் என்று கேட்க வேண்டியதுதான்.

அவள் அடுத்த எண்ணைச் சொன்னாள். அதற்கடுத்ததையும். கை சுற்றிக்கொண்டே இருந்தது. அதிகப்படியாகச் சுற்றியதை அவன் போன பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

இந்தக் காயிலுக்கு எத்தனை சுற்று என்று சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பான். ஒன்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தான்.